கடுகுக் குடும்பம்: காயை நம்புவதா, விதையை நம்புவதா, மரபணுவை நம்புவதா?

கடுகுப் பூவில் நான்கு இதழ்கள் சிலுவை போல விரிந்திருக்கும். உள்ளே ஆறு மகரந்தத் தாள்கள். நான்கு நெட்டை, இரண்டு குட்டை. முள்ளங்கி, முட்டைக்கோஸ் என்று எதை எடுத்தாலும் ஏறக்குறைய இதே பூதான். அதனால் ஒரு செடி இந்தக் குடும்பமா என்று சொல்வது சுலபம். குடும்பத்துக்குள் யாருக்கு யார் என்ன உறவு என்பதுதான் தலைவலி. உலகம் முழுக்க சுமார் 4,000 இனங்கள், ஏறத்தாழ 350 பேரினங்கள் (நெருங்கிய இனங்களின் தொகுதிகள்); எல்லாவற்றுக்கும் ஒரே முகஜாடை.

பூ உதவாதபோது முதலில் கண்ணில் படுவது காய். 1753-இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் பிடித்துக்கொண்டதும் அதைத்தான்: நீளக் காய் ஒரு பக்கம், குட்டைக் காய் மறுபக்கம். நம் தாவரவியல் பாடங்களில் வரும் சிலிகுவா, சிலிகுலா என்பவை இவைதான். நீளம் அகலத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் போனால் சிலிகுவா. ஓர் அளவுகோல் போதும், வேலை முடிந்தது. காட்டில் நின்று செடியை அடையாளம் காண இன்றைக்கும் இதைவிட வசதியான வழி இல்லை.

ஆனால் உறவைக் கேட்டால் காய் பொய் சொல்லும். தட்டையான வட்டக் காய் கொண்ட த்லாஸ்பி அர்வென்சியும், குச்சி போல நீண்ட காய் கொண்ட அல்லியாரியாவும் லின்னேயஸ் கணக்கில் எதிரெதிர் அணிகள். மரபணுவைப் பார்த்தால் இரண்டும் ஒரே குலம், அதாவது குடும்பத்துக்குள் நெருங்கிய பேரினங்களின் ஒரே கூட்டம். (கசக்கினால் இரண்டிலும் பூண்டு வாசனை வரும். மூக்கை யாரும் கேட்கவில்லை!) இதைவிடப் பெரிய வேடிக்கை காப்செல்லா என்ற களைச்செடியில் நடந்தது. அதன் காய் இதய வடிவம். உருண்டைக் காய் கொண்ட ஒரு செடி அதிலிருந்தே கிளம்பி, 1900-இல் தனி இனமாகப் பெயர் சூட்டப்பட்டது. அப்புறம் ஷல் என்ற மரபியலாளர் இரண்டையும் கலந்து வளர்த்துப் பார்த்தார். பேரச் செடிகள் 15 இதயக் காய்ச் செடிக்கு 1 உருண்டைக் காய்ச் செடி என்ற விகிதத்தில் பிரிந்தன. அதாவது, அந்த வடிவ மாற்றத்துக்குக் காரணம் வெறும் இரண்டு மரபணுக்கள். இவ்வளவு லேசாக மாறக்கூடிய ஒன்றை வைத்துக் குலம் பிரித்தால் எப்படி நிற்கும்?

அடுத்த வழி விதைக்குள் போவது. ஒரு கடுகை இரவு ஊறவைத்து, காலையில் நகத்தால் தோலை உரித்துப் பாருங்கள். இரண்டு விதையிலைகளும் நீளவாக்கில் மடிந்து ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கும். அந்த மடிப்புக்குள் முளைவேர் ஒடுங்கிப் படுத்திருக்கும். வேறு பேரினங்களில் விதையிலைகள் மடியாமல் தட்டையாக இருக்கும்; முளைவேர் அவற்றின் விளிம்பை ஒட்டியோ முதுகை ஒட்டியோ கிடக்கும். 1821-இல் தாவரவியலாளர் டி கண்டோல் இதையே அடிப்படையாக்கினார். என் ஓட்டு காயைவிட இதற்குத்தான். அந்த மடிப்பு விதைக் கூட்டம் சில விலக்குகளோடு இன்றும் பிராசிக்கா குலமாக நிலைத்திருக்கிறது. அவருடைய மற்ற பிரிவுகளுக்கு அந்த யோகம் இல்லை.

1936-இல் தாவரவியலாளர் ஷுல்ஸ் காய், விதை, ரோமம் என்று எல்லாவற்றையும் கலந்து 19 குலங்கள் அமைத்தார். பல பத்தாண்டுகள் அதுதான் சட்டம். பின்னால் பெரும்பாலானவை செயற்கைக் கூட்டங்கள் என்று தெரிந்தது. மேயர் என்ற தாவரவியலாளரின் கதை வேறு. 1973-இல் அவர் விதைத்தோலின் உள்ளமைப்பை மட்டும் பார்த்து த்லாஸ்பியை 12 பேரினங்களாக உடைத்தார். பலர் ஏற்கவில்லை. பிறகு வந்த மரபணு ஆய்வுகள் பெருமளவு அவர் பக்கமே நின்றன.

சரி, மரபணு என்றால் விவகாரம் முடிந்ததா? முடியவில்லை, எந்த மரபணு என்ற கேள்வி வருகிறது. இலைக்குப் பச்சை தரும் பசுங்கணிகத்தின் டி.என்.ஏ.வைப் படிப்பது எளிது, ஆனால் இந்தக் குடும்பத்தில் அது பொதுவாகத் தாய் வழியே மட்டும் வருவது. பிராசிக்கா ஜன்சியா என்ற கடுகையே எடுத்துக்கொள்ளுங்கள். டர்னிப் இனமான பிராசிக்கா ராப்பாவும் கருங்கடுகும் கலந்து பிறந்தது அது. 10 குரோமோசோம் ஒரு பக்கம், 8 மறுபக்கம், கூட்டினால் 18 என்று 1935-இல் வூ ஜாங்-சுன் காட்டிவிட்டார். பசுங்கணிகத்தை மட்டும் கேட்டால் அது ராப்பாவின் பிள்ளை என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். அப்பா பெயர் வராது. கலப்பு இவ்வளவு நடந்திருக்கும் குடும்பத்தில் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரும் உட்கரு மரபணுக்களைப் பார்க்காமல் வரைந்த மரத்தை நான் பாதி மரமாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

2006-இல் தாவரவியலாளர் அல்-ஷேபாஸும் சகாக்களும் டி.என்.ஏ. சான்றுகளை வைத்து 25 குலங்கள் வகுத்தார்கள். 2023-இல் வந்த திருத்தத்தில் 58 குலங்கள், இரண்டு துணைக்குடும்பங்கள். அதில் ஒரு துணைக்குடும்பத்தில் ஈதியோனிமா என்ற ஒரே பேரினம்தான். அதிலும் ஈதியோனிமா அராபிக்கம் ஒரே செடியில் இரண்டு வகைக் காய் காய்க்கும். ஒன்று வெடிக்கும், மற்றது வெடிக்காது. காயை நம்பியவர்களுக்கு இதைக் காட்ட வேண்டும்.

பெயரை நம்பினாலும் சிக்கல்தான். நாய்க்கடுகு இந்தக் குடும்பமே இல்லை, பக்கத்துக் குடும்பம். 1998-இல், பூக்கும் தாவரங்களை மரபணுவை வைத்துப் பிரிக்கும் ஏபிஜி வகைப்பாடு அந்தக் கூட்டத்தையும் கடுகுக் குடும்பத்தில் சேர்த்தது. 2009-இல் மறுபடி வெளியே அனுப்பியது.

மரபணு முறையின் உண்மையான பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. அதன் கணக்குப்படி, கருங்கடுகு முட்டைக்கோசைவிட சைனாபிஸ் அர்வென்சிஸ் என்ற களைக்கே நெருங்கிய சொந்தம். அப்படியானால் பிராசிக்கா என்ற பேரினமே ஒரு கூரைக்கீழ் நிற்கக் கூடாது. அண்மையில் கருங்கடுகை ராம்போஸ்பெர்மம் என்ற வேறு பேரினத்துக்கு மாற்றியும் விட்டார்கள். ஆனாலும் பலருக்கு அது இன்றும் பிராசிக்கா நைக்ராதான். உலகமே பயிரிடும் செடிகளின் பெயரில் கை வைக்க எல்லாருக்கும் மனம் வருவதில்லை.