சென்னை–லண்டன் நேரடி விமானம்: அந்த 9 மணி நேரக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள்

அம்மாவை முதல்முறையாக லண்டனுக்கு அழைத்துப்போகும் நண்பர் கேட்டார்: "8,230 கிலோமீட்டர், 9 மணி நேரம் சொச்சம்னு நெட்ல போட்டிருக்கு, டிக்கெட்ல 11 மணி நேரம் கிட்ட வருதே, எது சரி?" டிக்கெட்தான் சரி. இந்தத் தடத்தில் பல வருடங்களாகப் போய்வருகிறேன், அந்த 9 மணி நேரத்தை ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை.

8,230ஐ மணிக்கு 900 கிலோமீட்டர் என்ற வேகத்தால் வகுத்துப் போட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான். காற்று கிடையாது, அரசியல் கிடையாது. உலக உருண்டையில் நேர்கோடு இழுத்தால் பாகிஸ்தான், ஈரான், காஸ்பியன் கடல், ரஷ்யாவின் தெற்கு ஓரம், உக்ரைன் என்று போகும். உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரியிலிருந்து மூடிக்கிடக்கிறது, பிரிட்டிஷ் விமானங்களுக்கு ரஷ்யாவும் அப்போதே கதவைச் சாத்திவிட்டது. ஆக, நேர்கோடு காகிதத்தில் மட்டும்தான்.

அப்புறம் காற்று. 10 கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கும் ஜெட் ஸ்ட்ரீம், போகும்போது முகத்தில் அடிக்கிறது. முன்சீட்டுத் திரையில் வேகம் 800ஐத் தாண்டத் திணறும், குளிர்காலத்தில் இன்னும் மோசம். திரும்பும்போது அதே திரை 1,000 காட்டும், ஒரு மணி நேரம் வரை மிச்சமாகும். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது, தெரியும். ஆனால் 'மீதி நேரம் 5:40' என்பது ஒரு தூக்கம் போட்டு எழுந்த பிறகும் 5:10லேயே நிற்கும்போது வரும் கடுப்பு இருக்கிறதே! கடைசியில் லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு மேலே வந்தும் விடமாட்டார்கள். போவிங்டன், லாம்போர்ன், ஓக்கம், பிகின் என்று நாலு இடங்களில் விமானங்களை அடுக்கிச் சுற்றவிடுவார்கள், கீழே வீட்டுக் கூரைகளை எண்ணிக்கொண்டிருக்கலாம்.

ஊரில் இருப்பவர்கள் வேறு, "விடியக்காலை ஏறி மத்தியானமே இறங்கிட்டியே" என்பார்கள். கடிகாரம் கோடையில் நாலரை மணி நேரமும் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும் பின்னால் போனதை அவர்களுக்கு விளக்கி முடிப்பதற்குள் இன்னொரு பயணம் போய்வரலாம்.

நான் எதிர்பார்க்காதது ஒன்று உண்டு. துபாய் வழியாகப் போனால் பெரிய சுற்று என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். சென்னை–துபாய் 2,930, துபாய்–லண்டன் 5,500, கூட்டினால் 8,430. வெறும் 200 கிலோமீட்டர்தான் கூடுதல்! நடுவில் இறங்கிக் கால் நீட்டலாம், டீ குடிக்கலாம், பல சமயம் காசும் குறைவு. கணக்குப்படி பார்த்தால் துபாய்தான் நியாயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இருந்தும் நண்பருக்கு நேரடி விமானத்தையே போடச் சொன்னேன். வயதானவரை அர்த்தராத்திரியில் எழுப்பி, டெர்மினல் மாற்றி, மறுபடி பெல்ட்டையும் வளையலையும் கழற்றவைத்து... வேண்டவே வேண்டாம். எனக்கும் அதேதான், திட்டிக்கொண்டே போடுவேன். ஜனவரியில் போகிறவர்கள், கூட்டிப்போக வருபவரிடம் டிக்கெட்டில் உள்ள நேரத்துக்கு மேல் ஒன்றரை மணி நேரம் சேர்த்துச் சொல்லுங்கள், ஹீத்ரோ பார்க்கிங் கட்டணத்துக்கு இரக்கம் கிடையாது.