பழத்தைப் பார்த்து பைரகாந்தா வாங்கி ஏமாந்த கதை

தோட்டத்து ஓரத்தில் முள்வேலி மாதிரியும் இருக்க வேண்டும், பார்க்க அழகாகவும் இருக்க வேண்டும் என்று பைரகாந்தா என்ற முள்புதர்ச் செடி வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நான் மூன்று செடி வாங்கினேன். இப்போது இருப்பது ஒன்று, அதுவும் பாதி.

நர்சரியில் மூன்றும் செக்கச்செவேலென்று நின்றன. இலை தெரியாத அளவுக்குக் கொத்துக் கொத்தாகப் பழம். பைரகாந்தா என்றால் கிரேக்கத்தில் நெருப்பு முள் என்று பொருள். முதல் பாதிக்கு அன்று குறையே இல்லை. "தொட்டியிலேயே வளர்த்ததுதானா?" என்று கேட்டேன். "ரெண்டு வருஷமா இந்தத் தொட்டியிலதான் இருக்கு" என்றார் கடைக்காரர். முள் அவ்வளவாக இருக்காது என்றும் சொன்னார். பழத்துக்குப் பின்னால் முள்ளைத் தேட எனக்கும் தோன்றவில்லை.

வீட்டில் தொட்டியைக் கவிழ்த்தபோது மண் பொலபொலவென்று கொட்டிவிட்டது. இரண்டு வருடம் தொட்டியில் இருந்த செடி என்றால் வேர் மண்ணைச் சுற்றிப் பின்னிக்கொண்டு முழுக்கட்டியாக வந்திருக்க வேண்டும். இங்கே இருந்தது கட்டைவிரல் தடிமனில் அறுத்த வேர், வெட்டுவாய் இன்னும் வெள்ளையாக. சல்லிவேர் பெயருக்குக்கூட இல்லை. நிலத்தில் வளர்ந்ததைத் தோண்டி, தொட்டியில் திணித்து, மேலே மண் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். வளர்ந்த பைரகாந்தாவுக்கு இடம் மாற்றுவதே ஆகாது. இப்படி வேரை அறுத்தால் பிழைப்பது அதிர்ஷ்டம்தான்.

சரி, பழம் எப்படி அவ்வளவு இருந்தது? இந்தச் செடி முந்தைய ஆண்டு வளர்ந்த கிளையில்தான் பூக்கும். அந்தப் பூ காயாகிச் சிவந்தால் மாதக்கணக்கில் உதிராமல் தொங்கும். அதாவது நான் பார்த்து மயங்கியது நிலத்தில் வேரோடு இருந்தபோது செடி செய்து வைத்த வேலை. இரண்டு செடிகளின் இலை பத்து நாளில் சுருண்டுவிட்டது. பழம் மட்டும் அப்புறமும் பல வாரம் பளபளவென்று இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எரிச்சல் வந்தது.

கடைக்குப் போன் செய்தால், "தண்ணி அதிகமா ஊத்திட்டீங்க" என்றார். அறுத்த வேரின் படத்தை அனுப்பினேன். அதற்குப் பதிலே வரவில்லை.

மூன்றாவது செடி தப்பித்தது. ஆனால் அடுத்த வசந்தத்தில் பூத்த கையோடு நுனிகள் தீயில் வாட்டியதுபோல் கருகி, குடைக் கைப்பிடி மாதிரி வளைந்தன. கருகிய இலை உதிராமல் அப்படியே தொங்கியது. கோபத்தை விழுங்கிக்கொண்டு அதே கடைக்குக் கிளையோடு போனேன். அங்கே என் தலையில் கட்டியது சாம்பல் நோய் என்ற பூஞ்சை நோய்க்குப் போடும் பொடி. இரண்டு வாரம் தூவினேன், கருகல் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. அப்புறம்தான் தெரிந்தது, இது ஆப்பிள், பேரி மரங்களையும் தாக்கும் தீக்கருகல். பூஞ்சை அல்ல, எர்வினியா அமிலோவோரா என்ற பாக்டீரியா. கருகிய இடத்துக்கு ஓர் அடி கீழே, நல்ல கட்டையில் வெட்டி எறிய வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். அந்த இரண்டு வாரத்தில் பாதிச் செடி போய்விட்டது. நோய் கடையிலிருந்தே வந்தது என்று சொல்ல மாட்டேன், பூவுக்கு வரும் தேனீகூடக் கொண்டுவரும். பொடி விற்றதைத்தான் சொல்கிறேன்.

முள் கதையையும் சொல்லிவிடுகிறேன். செத்த செடிகளைப் பிடுங்கும்போது தோல் கையுறையைத் துளைத்து விரல் மூட்டில் ஏறி ஒடிந்தது. மூட்டு வீங்கி, மருத்துவர்தான் நுனியை எடுத்தார்.

நீங்கள் வாங்குவதானால் பணம் கொடுக்கும் முன் தண்டைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். மண்ணுக்குள் லொடலொடத்தால் வேண்டாம். தொட்டியைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் திரும்பிவிடுங்கள். பழமில்லாத சின்னச் செடியே மேல். ரகத்தின் பெயரையும் பில்லில் எழுதி வாங்குங்கள், தீக்கருகலைத் தாங்கும் ரகங்கள் இருக்கின்றன. என் பில்லில் "செடி 3" என்று மட்டும் இருக்கிறது.