ஆறு மாத சைக்காலஜி டிப்ளமோவுக்குப் பணம் கட்டுவதற்கு முன்

"ஆறே மாதத்தில் சைக்காலஜிஸ்ட். கணக்கு கிடையாது. அரசு பதிவு பெற்றது. முடித்ததும் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம்." பிளஸ் டூ முடித்த ஒரு மாணவி இந்த டிப்ளமோ விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டினார். எந்தக் கல்லூரியும் அவரை இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒரு வருடம் போனதுதான் மிச்சம்.

அவர் கையிலிருக்கும் சான்றிதழைப் பாருங்கள். தங்க நிற முத்திரைக்குக் கீழே மூன்று எண்கள். முதலாவது டிரஸ்ட் பதிவு எண், அடுத்தது ஐஎஸ்ஓ 9001 என்ற நிர்வாகத் தரச் சான்று, மூன்றாவது சிறுதொழில்களுக்கான உத்யம் எண். "அரசு பதிவு" என்று சொன்னது இதைத்தான்! மூன்றில் ஒன்றுகூடப் படிப்புக்கான அங்கீகாரம் இல்லை. 1956ஆம் ஆண்டு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி, பட்டம் கொடுக்கும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும் சட்டம் அனுமதித்த நிறுவனங்களுக்கும் மட்டுமே. அதனால்தான் இந்த டிப்ளமோவை நடத்துபவர்கள் 'டிகிரி' என்ற சொல்லைத் தொடாமல் 'டிப்ளமோ' என்று போடுகிறார்கள்.

மனநலப் பிரச்சினைகளைக் கண்டறிந்து சிகிச்சை தரும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக, இந்திய மறுவாழ்வு கவுன்சில் ஏற்ற படிப்பை முடித்து, அதன் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். ஆறு மாதத்தில் அது நடக்காது. தபால் வழியில் படிக்கலாம் என்றாலும் நம்பாதீர்கள். 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கை முதல் சைக்காலஜியைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்த யுஜிசி தடை விதித்துவிட்டது.

நல்ல கல்லூரியிலும் ஏமாற இடமுண்டு. சேர்வதற்கு முன் சிலபஸை வாங்கிப் பாருங்கள். முதல் செமஸ்டரில் பொது உளவியல் இருக்க வேண்டும். கவனம், நினைவு, கற்றல் எல்லாம் அதில்தான் வரும். அதைப் படிக்காமல் மனநோய்களைப் பற்றிய பிறழ்நிலை உளவியலையோ குற்ற உளவியலையோ எடுத்தால் நோய்ப் பெயர்கள் மட்டும் மனப்பாடமாகும். பிறகு வீட்டில் உள்ளவர்களுக்கே அந்தப் பெயர்களை ஒட்டத் தோன்றும். புள்ளியியல் கட்டாயம் வரும். சராசரி, திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகின்றன), ஒட்டுறவு (இரண்டு அளவுகளுக்கு இடையிலான தொடர்பு), டி-டெஸ்ட் (இரண்டு சராசரிகளை ஒப்பிடும் சோதனை) வரை போகும். பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் "கணக்கே இல்லை" என்பவர் பொய் சொல்கிறார்.

லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கண்ணாடியில் பார்த்தபடியே நட்சத்திரக் கோட்டின் மேல் பென்சிலை ஓட்டும் மிரர் டிராயிங் கருவி இருக்கிறதா? வலது கையால் ஒரு முறை, இடது கையால் பல முறை, மறுபடி வலது கையால். ஒவ்வொரு முறையும் நேரமும் பிழைகளும் ரெக்கார்டில் ஏறும். ஒரு கையின் பயிற்சி மறு கைக்கு எவ்வளவு போகிறது என்று அதில் தெரியும். பூட்டிய அறையைக் காட்டினால் வேறு கல்லூரி பாருங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்களா? ரசீது, நோட்டீஸ், வாட்ஸ்அப் வாக்குறுதிகள் எதையும் அழிக்காமல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.