ஆபீஸ் குரூப் இன்சூரன்ஸ்: ஒரு திருநம்பியாக இரண்டு வருடம் பயன்படுத்திப் பார்த்ததில்

கம்பெனி பெயரையோ இன்சூரன்ஸ் பெயரையோ எழுதப்போவதில்லை. சென்னை ஓஎம்ஆரில் ஒரு ஐடி கம்பெனி, ஐந்து லட்ச ரூபாய்க்கு குரூப் மெடிக்ளெய்ம், க்ளெய்ம் பார்க்க நடுவில் ஒரு டிபிஏ, அதாவது இன்சூரன்ஸ் சார்பில் க்ளெய்மைப் பரிசீலிக்கும் வெளி நிறுவனம். நான் திருநம்பி, பிறந்தபோது பெண் என்று பதிவான ஆண். அது போதும். சேருவதற்கு முன்னால் இந்த மாதிரி பாலிசி திருநர்களுக்கு உண்மையில் எப்படி வேலை செய்கிறது என்று தமிழில் தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

நாமாகப் போய் எடுக்கும் மருத்துவக் காப்பீடுகளில் பாலின மாற்றச் சிகிச்சை பெரும்பாலும் கிடையாது. ஏஜென்ட் வாய் திறந்து சொல்லமாட்டார், பாலிசியின் கடைசிப் பக்கங்களில் 'எக்ஸ்க்ளூஷன் 07' என்று இருக்கும், இதற்குப் பணம் கிடையாது என்று அர்த்தம். 2019 செப்டம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வகுத்துக் கொடுத்த விலக்குகளில் அது ஒன்று, அதற்கு அடுத்த 08 அழகு சிகிச்சை. அதே வருடக் கடைசியில் வந்த திருநர் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு அறுவை சிகிச்சை, ஹார்மோன், லேசர் எல்லாவற்றுக்கும் காப்பீடு வேண்டும் என்கிறது, ஆனால் அந்தப் பொறுப்பை அரசிடம்தான் கொடுத்திருக்கிறது. எங்கள் கம்பெனி கூடுதல் பிரீமியம் கட்டி அந்த 07ஐ எடுக்க வைத்திருக்கிறது. இதற்காகவே நான் இந்த வேலையை விடாமல் இருக்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை.

மார்பு அறுவை சிகிச்சைக்குப் போனபோது மனநல மருத்துவர் கடிதம் ஒன்று, எண்டோகிரைன் (ஹார்மோன்) டாக்டர் கடிதம் ஒன்று கேட்டார்கள். கொடுத்தும் முதல் நாள் "இது காஸ்மெட்டிக்கா?" என்று கேள்வி போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். சர்ஜன் எஃப்64 என்ற நோய்க்குறியீட்டைப் போட்டு மறுபடி எழுதிக் கொடுத்தார், மறுநாள் கேஷ்லெஸ் வந்துவிட்டது, அதாவது ஆஸ்பத்திரிக்கு இன்சூரன்ஸே நேராகப் பணம் கட்ட அனுமதி. இந்தச் சிகிச்சைக்கு இரண்டு லட்சம்தான் உச்சவரம்பு, அதற்கு மேல் ஆனது என் கைக்காசு.

அப்புறம் எட்டு மாதம் கழித்து நடந்ததுதான் இந்தப் பாலிசியின் நிஜமான குறை. சட்டப்படி பாலினச் சான்றிதழ் வாங்கி, ஆதார் மாற்றி, எச்ஆரிடம் கொடுத்து, இன்சூரன்ஸ் கார்டிலும் 'ஆண்' என்று ஆகியிருந்தது. ஒரு ராத்திரி அடிவயிற்றில் தாங்க முடியாத வலி. சினைப்பையில் கட்டி, முறுக்கிக்கொண்டிருக்கிறது, உடனே எடுக்கவேண்டும் என்றார் டாக்டர். ப்ரீ-ஆத் (சிகிச்சைக்கு முன் கேட்கும் அனுமதி) போட்ட அரை மணி நேரத்தில் நிராகரிப்பு: நோயாளியின் பாலினத்துக்கு இந்தச் சிகிச்சை பொருந்தவில்லை. வலி ஊசி போட்டுக்கொண்டு படுத்திருந்த நான் டிபிஏவுக்கு போன் செய்தேன். அந்தப் பக்கம் பேசிய பையன் பொறுமையாகத்தான் பேசினான். "ரெக்கார்டில் மறுபடியும் ஃபீமேல்னு மாத்திட்டா உடனே பாஸ் ஆயிடும் சார்." சார் என்றுதான் சொன்னான். என் கதை முழுக்க அவனுக்குப் புரிந்திருந்தது, அவன் கையில் இருந்த சாஃப்ட்வேரில்தான் எனக்கு இடமில்லை. மாற்றமாட்டேன் என்றேன். என் தோழி அவளுடைய கார்டைத் தேய்த்து எழுபதாயிரம் டெபாசிட் கட்டினாள், ஆபரேஷன் நடந்தது. எங்கள் எச்ஆர் மேடம் தினமும் மெயில் போட்டு, டாக்டரிடம் தனியாகக் கடிதம் வாங்கி அனுப்பி, பணம் திரும்பி வர 47 நாள் ஆயிற்று. கர்ப்பப்பையும் சினைப்பையும் உள்ள ஆண்கள் இருக்கிறோம். 07ஐ எடுத்தால் மட்டும் போதாது, இந்தப் பாலினச் சோதனையையும் எடுக்கச் சொல்லி எழுதி வாங்கவேண்டும்.

ஹார்மோன் சிகிச்சை, அட்மிட் ஆகாமல் பார்த்துக்கொள்ளும் ஓபிடி கணக்கில் வருவதால் பைசா கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, இடையில் ரத்தப் பரிசோதனைகள், எல்லாம் சொந்தச் செலவு. அறுவை சிகிச்சை ஒரு தடவை, ஊசி ஆயுள் முழுக்க. இதை யோசிக்காமல் பாலிசி போட்டிருக்கிறார்கள்.

இணையர் விஷயத்தில் நன்றாகவே இருக்கிறது. என் டீமில் ஒரு பெண் தன் காதலியைச் சேர்த்திருக்கிறாள், கல்யாணச் சான்றிதழ் கேட்கவில்லை, ஒரு உறுதிமொழிப் படிவம்தான். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்த பிறகு இந்த மாதிரிப் படிவம் எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்களைக் கேட்டால் தெரியும். இருவர் பெயரும் சேர்ந்து வந்த முதல் காகிதம் அந்த இ-கார்டுதானாம், பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறார்கள்.

ஆனால் இவ்வளவும் கம்பெனி பேரோலில் இருப்பவர்களுக்கு மட்டும். எங்கள் கேன்டீனில் ஒரு திருநங்கை அக்கா இருக்கிறார், காண்ட்ராக்ட் சம்பளம், 21,000க்குக் கீழே என்பதால் இஎஸ்ஐ என்ற அரசுத் தொழிலாளர் காப்பீடு. ஒரே கட்டடம், ஒரே லிஃப்ட், அவருக்கு இந்தப் பாலிசி இல்லை. அவர் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். அரசு மருத்துவமனைகளில் இதை இலவசமாகச் செய்யத் தமிழ்நாடு அரசு 2009 வாக்கிலேயே வழி செய்தது, திருநங்கையர் நல வாரியம் அமைத்ததற்கு அடுத்த வருடம். மத்திய அரசும் 2022 ஆகஸ்டில், திருநர் சான்றிதழ் உள்ளவர்களுக்கு ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் வருடம் ஐந்து லட்சம் என்று அறிவித்தது. சான்றிதழுக்குத் தேசியத் திருநர் இணையதளத்தில் விண்ணப்பிக்கவேண்டும். அக்காவுக்கு நான்தான் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தேன்.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். புதிதாகச் சேருகிறவர்கள் ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன் எச்ஆரிடம் கேளுங்கள்: 07 நீக்கப்பட்டிருக்கிறதா, உச்சவரம்பு எவ்வளவு, பாலினம் பொருந்தவில்லை என்று க்ளெய்ம் நின்றால் யாரைக் கூப்பிடவேண்டும், அவர் நம்பர் என்ன. போனில் சொன்னால் போதாது, மெயிலில் வாங்குங்கள்.

ஏப்ரலில் எங்கள் பாலிசி புதுப்பிக்கிறார்கள். பாலினச் சோதனையை எடுக்கவும் ஹார்மோன் ஓபிடியைச் சேர்க்கவும் நாங்கள் ஆறு பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருக்கிறோம். பதில் வந்ததும் இதன் கீழேயே எழுதுகிறேன்.