வேகம் சரி, பெட்ரோலுக்கு எங்கே போவது? சூப்பர்சார்ஜர் படகும் நீண்ட பயணங்களும்

என்னிடம் இருப்பது போலவே சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி) வைத்த போட் ஒன்று விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். போனில் சொல்ல ஆரம்பித்த பதில் பாதியிலேயே பெட்ரோல் புலம்பலாகிவிட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன், அடுத்து கேட்பவருக்கும் உதவும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். த்ராட்டிலைத் தள்ளினால் மூக்கை வானத்துக்குத் தூக்காமல் சட்டென்று நீர்மேல் ஏறி ஓடும். எதிரலையில் முதுகெலும்பைப் பதம் பார்க்காது. இன்ஜின் இதுவரை நடுவழியில் கைவிட்டதில்லை. இதிலெல்லாம் குறையே இல்லை.

குறை அதன் வாயில்தான். வசதியான வீட்டுப் பிள்ளை மாதிரி, கண்டதையும் தொடாது. கையேடு கேட்பது 98 ஆர்ஓஎன் (ஒருவகை ஆக்டேன் எண்; பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு), கட்டாயமென்றால் 95, எத்தனால் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. டிரெய்லரில் இழுத்துப்போய் சாலையோர பங்கில் நிரப்பி, அன்றைக்கே திரும்புகிறவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. தண்ணீரிலேயே நாட்கணக்கில் போகும்போதுதான் வலிக்கும். படகுத்துறை பங்குகளில் பெரும்பாலும் டீசலும் சாதாரண பெட்ரோலும்தான். அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. வருகிற அவுட்போர்டுகளில் (போட்டின் பின்புறம் வெளியே மாட்டும் இன்ஜின்கள்) பெரும்பாலானவை சாதாரண பெட்ரோலிலேயே ஓடும்போது, எங்களைப் போன்ற நாலு பேருக்காகத் தனி டேங்கும் தனி பம்பும் யார் வைப்பார்கள்? வைத்திருக்கிற இடத்திலும் விற்பனை மந்தம். உள்ளே இருப்பது எந்தக் காலத்துப் பெட்ரோலோ என்ற சந்தேகம் வேறு.

காரில் இவ்வளவு கவலை தேவைப்படாது. சமதளத்தில் சீராகப் போகிற கார் தன் சக்தியில் சிறு பங்கைத்தான் செலவழிக்கிறது. போட்டுக்கு இறக்கமும் கிடையாது, த்ராட்டிலை விட்டால் உருண்டுபோவதும் கிடையாது. மணிக்கணக்கில் பளு, ஓயாத பளு. சூப்பர்சார்ஜர் காற்றை அழுத்தித் திணிக்கும்போதே அது சூடாகிறது. ஆக்டேன் போதவில்லை என்றால், ஸ்பார்க் வைத்த தீ பரவிவந்து சேரும் முன்பே மிச்சக் கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். அதுதான் நாக்கிங். காரில் அந்தத் தட்டல் சத்தம் காதில் விழலாம். எக்ஸாஸ்ட் இரைச்சலுக்கும் காற்றுக்கும் நடுவில் இங்கே விழாது. சென்சார் அதைப் பார்த்து, ஸ்பார்க் வைக்கும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளி இன்ஜினைக் காப்பாற்றுகிறது, சரி. ஆனால் சக்தி குறைகிறது, லிட்டருக்குக் கிடைக்கும் தூரமும் குறைகிறது. அதாவது, நல்ல பெட்ரோல் கிடைக்காததால் அடுத்த பங்க் இன்னும் சீக்கிரமே தேவைப்படுகிறது. அங்கேயும் அது இருக்காது!

போனில் விசாரித்துக்கொண்டு போகலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல். "91 இருக்கிறது" என்பார்கள். எந்த 91? அமெரிக்க பம்புகளில் எழுதியிருப்பது ஆர்ஓஎன், எம்ஓஎன் (இன்னும் கடுமையான சோதனையில் எடுக்கும் ஆக்டேன் எண்) இரண்டின் சராசரி. அந்த 91, ஐரோப்பிய பம்பில் ஏறக்குறைய 95. அந்த 93, சுமார் 98. கையேட்டில் போட்டிருக்கும் எண் எந்தக் கணக்கு என்று தெரிந்துகொண்டுதான் போனையே எடுக்க வேண்டும்.

உடனே யாராவது ஆக்டேன் பூஸ்டர் பாட்டிலை நீட்டுவார்கள். அதில் "10 பாயிண்ட் கூடும்" என்று போட்டிருந்தால் ஆக்டேன் எண்ணில் பெரும்பாலும் 1 என்றுதான் அர்த்தம். அந்த வியாபாரத்தில் பாயிண்ட் என்பது பத்தில் ஒரு பங்கு. விமானப் பெட்ரோலான 100எல்எல் ஊற்றச் சொல்கிறவர்கள் இன்னொரு ரகம். அதில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். ஆக்சிஜன் சென்சாரும் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிஸ்டும் உள்ள இன்ஜினுக்கு அது ஆகவே ஆகாது.

எத்தனால் கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் டேங்கில் விடவும் பயம். எத்தனால் ஆக்டேனைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் டேங்கின் காற்றுக்குழாய் வழியே வருகிற ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் நீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். இன்ஜினுக்குப் போகிற குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். மேலே மிஞ்சுகிற பெட்ரோலிலோ ஆக்டேன் குறைந்திருக்கும். நீர் பிரிக்கும் 10 மைக்ரான் ஃபில்டரும் கூடவே ஒரு உபரி ஃபில்டரும் இல்லாமல் நான் கிளம்புவதில்லை.

கேனில் கொண்டுபோகலாமே என்பார்கள். 300 குதிரைத்திறன் இன்ஜின் முழு த்ராட்டிலில் மணிக்கு 100 லிட்டருக்கு மேல் குடிக்கும். 15 கிலோ எடையுள்ள 20 லிட்டர் கேனைத் தூக்கிவந்து ஊற்றினால் பன்னிரண்டு நிமிடம் ஓடும். நல்ல உடற்பயிற்சி, அவ்வளவுதான். அந்தக் கேனையும் பங்கில் தரையில் இறக்கிவைத்துத்தான் நிரப்ப வேண்டும், தீப்பிடிக்க நிலைமின்சாரப் பொறி ஒன்று போதும்.

எனக்கு ஓரளவு கைகொடுப்பது கலவைதான். டேங்க் பாதி 98 இருக்கும்போதே சாதாரண 91 ஆர்ஓஎன்னால் மீதியை நிரப்பினால் ஏறக்குறைய 94, 95 வரும். அப்புறம் அடுத்த நல்ல பங்க் வரும்வரை பூஸ்ட் (சூப்பர்சார்ஜர் தரும் காற்றழுத்தம்) அதிகம் ஏறாத வேகத்தில் போவேன். முழு வேகத்துக்காகக் காசு கொடுத்து வாங்கிய போட்டில் இப்படி நகர்ந்துகொண்டிருக்கையில், சாதாரண இன்ஜின்காரர் ஒருவர் கையசைத்துவிட்டு முந்திப்போவார் பாருங்கள், அப்போது வருகிற கோபத்தை எழுத முடியாது.

போட்டுக்கு பத்துக்கு ஒன்பது கொடுப்பேன். நீண்ட பயணம்தான் நோக்கம் என்றால் வாங்காதீர்கள், சூப்பர்சார்ஜர் இல்லாததையே எடுங்கள் என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன். அப்படியானால் உங்களுடையதை விற்றுவிடுவீர்களா என்று கேட்டார். அந்தப் பேச்சே வேண்டாம்.