சிரப் புகட்ட எது நல்லது? டீஸ்பூன், மூடி, சங்கு, குழாய் ஸ்பூன், சிரிஞ்சு: ஓர் அலசல்

திமிறுகிற பிள்ளைக்கு டீஸ்பூனில் சிரப் புகட்டிய எவருக்கும் தெரியும்: ஸ்பூனில் ஊற்றியது ஓர் அளவு, வாய்க்குள் போனது வேறோர் அளவு. மீதி தாடையிலும் சட்டையிலும் இருக்கும். எவ்வளவு சிந்தியது என்று தெரியாததால் "இன்னும் கொஞ்சம்" என்று குத்துமதிப்பாக ஊற்றுவோம். சட்டைக் கறை துவைத்தால் போய்விடும். அந்த "இன்னும் கொஞ்சம்"தான் ஆபத்து.

சிந்தாத ஸ்பூன் ஒன்றை வடிவமைக்க வேண்டுமென்றால் முதலில் ஏற்கெனவே இருப்பவற்றை வரிசையாக எடுத்து வைத்துப் பார்ப்பதுதான் முறை. என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். சிந்துவதும் அளவு தவறுவதும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன: திரவத்தின் மேல்பரப்பு அகலமாக இருப்பதிலிருந்து. அதை ஒடுக்கினால் இரண்டும் சேர்ந்தே சரியாகும். ஒடுக்குவதால் வேறு தொல்லைகள் வரும், அவற்றைப் பிறகு பார்ப்போம்.

கணக்கு எளிதுதான். சாதாரண டீஸ்பூனின் குழி ஏறத்தாழ 3 செ.மீ. அகலம், 4.5 செ.மீ. நீளம். மேல்பரப்பு சுமார் 10 சதுர செ.மீ. அதில் மருந்து 1 மி.மீ. ஏறினாலோ இறங்கினாலோ 1 மி.லி. வித்தியாசம். 5 மி.லி. மருந்தில் அது 20 சதவீதம். 3 செ.மீ. விட்டமுள்ள அளவு மூடியில் அதே 1 மி.மீ. தவறு 0.7 மி.லி. ஆகிறது. உள்விட்டம் 1.5 செ.மீ. உள்ள குழாயில் 0.18 மி.லி. 5 மி.லி. சிரிஞ்சில் 0.1 மி.லி.க்குச் சற்று மேல், அவ்வளவுதான். அதே கண், அதே கை. பாத்திரம் ஒடுங்க ஒடுங்கப் பிழையும் சுருங்குகிறது.

சிந்துவதும் இப்படியே. 3 செ.மீ. மூடியை 5 பாகை சாய்த்தால் ஒரு விளிம்பில் மருந்து 1.3 மி.மீ. ஏறிவிடும், பாதி விட்டமுள்ள குழாயில் ஏற்றமும் பாதிதான். அப்புறம் அலை. எந்தப் பாத்திரத்திலும் உள்ளிருக்கும் திரவத்துக்குத் தனக்கென ஓர் ஆட்ட வேகம் உண்டு. டீஸ்பூன் அளவுக் குழியில் தண்ணீர் போல நீர்த்த மருந்துக்குக் கணக்குப் போட்டால் அது விநாடிக்கு 4, 5 தடவை என்று வருகிறது. வயதானவர்களிடம் அதிகம் காணப்படும் எசென்ஷியல் டிரெமர் என்ற கைநடுக்கத்தின் வேகம் விநாடிக்கு 4 முதல் 12 தடவை. ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளுவதுபோல, நடுங்கும் கை ஸ்பூனிலுள்ள மருந்தைச் சரியான தாளத்தில் ஆட்டிவிடுகிறது. கெட்டியான சிரப் என்றால் ஆட்டம் சீக்கிரம் அடங்கும். நீர்த்த மருந்தில் அடங்காது. பெரியவர்கள் தாமாகவே மருந்து எடுத்துக்கொள்ளும்போது மேசையெல்லாம் சிந்துவதற்கு அவர்களுடைய கவனக்குறைவைக் காரணம் சொல்வது நியாயமே இல்லை.

டீஸ்பூன்

இதை அதிகம் அலச வேண்டியதில்லை. 2010-இல் வெளிவந்த கிரேக்க ஆய்வு ஒன்றில், 25 பெண்களின் வீடுகளிலிருந்த 71 டீஸ்பூன்களை அளந்து பார்த்தார்கள். மிகச் சிறியது 2.5 மி.லி. பிடித்தது, மிகப் பெரியது 7.3 மி.லி. "ஒரு டீஸ்பூன்" என்று ஒரே வார்த்தையில் சொல்லும் அளவு வீட்டுக்கு வீடு கிட்டத்தட்ட மூன்று மடங்கு மாறுகிறது. போதாததற்கு, விளிம்பு வரை ஊற்றினால் பரப்பிழுவிசையால் மருந்து விளிம்புக்கு மேலும் குவிந்து நிற்கும்; அந்தக் குவியல்தான் முதலில் சிந்துவது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2015-இல் வாய்வழித் திரவ மருந்துகளுக்கு ஸ்பூன் கணக்கையே கைவிட்டு மில்லிலிட்டரில் மட்டும் எழுதும்படி பரிந்துரைத்தது. டீஸ்பூனைச் சாம்பாருக்கு உப்புப் போட வைத்துக்கொள்ளலாம்.

அளவு மூடி

பாட்டிலோடு இலவசமாக வருகிறது, கழுவ எளிது, மேசை மேல் தானாக நிற்கும். அதனால்தான் எல்லா வீட்டிலும் இதுவே. ஆனால் 2016-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 2,110 பெற்றோரை மருந்து அளக்கச் சொன்னபோது 84.4 சதவீதம் பேர் குறைந்தது ஒரு முறையாவது 20 சதவீதத்துக்கு மேல் தவறாக அளந்தார்கள். சிரிஞ்சோடு ஒப்பிட்டால் அளவு மூடி போன்ற கப்பில் அளக்கும்போது பிழைக்கான வாய்ப்பு விகிதம் 4.6 மடங்கு. அளவு சிறியதாக ஆக ஆகக் கப்பின் நிலை இன்னும் மோசமானது. மேலே போட்ட கணக்கைப் பார்த்தால் இதில் வியப்பில்லை: 2.5 மி.லி. அளக்கும்போது அதே 1 மி.மீ. தவறு கால் பங்குக்கும் மேல்.

மூடியில் எனக்குள்ள பெரிய கோபம் அதன் கோடுகள் மீது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் நிறமில்லாமல் புடைப்பாக அச்சிட்ட கோட்டை, ராத்திரி இரண்டு மணிக்கு மங்கிய விளக்கில் யார் படிப்பது? கோடுகள் தேவைக்கு அதிகமாகவும் இருக்கும். அமெரிக்காவில் அதிகம் விற்ற 200 குழந்தை மருந்துகளை 2010-இல் ஆராய்ந்தபோது, அளவு கருவியோடு வந்தவற்றில் 81 சதவீதத்தில் லேபிளில் எங்கும் சொல்லப்படாத கோடுகள் இருந்தன. தேவையில்லாத ஒவ்வொரு கோடும் தவறாக ஊற்ற ஒரு வாய்ப்பு. சிரப் மூடியின் சுவரில் ஒட்டிக்கொண்டு வராது என்பது இன்னொரு குறை. கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் கொடுத்துவிட வேண்டும்.

சங்கு

நம் வீடுகளில் உரை மருந்து கொடுக்கவும் பால் புகட்டவும் தலைமுறைகளாக இருக்கும் சங்கு, பாலாடை இரண்டையும் சிந்தாத கரண்டி வரிசையில் வைக்காமல் விட முடியாது. குழி ஆழமானது, வாய்ப்பக்கம் ஒடுங்கி மூக்காக நீள்கிறது. திரவம் ஒரு மெல்லிய ஓடையாக, கையின் சாய்வுக்கு ஏற்றபடி இறங்கும். விளிம்பு முழுக்கச் சிந்த வாய்ப்புள்ள டீஸ்பூனோடு பார்த்தால் இது எவ்வளவோ புத்திசாலித்தனமான வடிவம்.

ஆனால் அளவுக் கோடு கிடையாது. வெள்ளி, எவர்சில்வர் எதுவானாலும் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பக்கவாட்டில் பார்க்க முடியாது. அழுகிற குழந்தையைப் படுக்கவைத்துச் சங்கை வாய்க்குள் கவிழ்க்கும் பழக்கம் இதைவிடக் கெடுதல். மருந்து மூச்சுக் குழாய்க்குள் போகலாம். அளந்து ஊற்றிய மருந்தைப் புகட்டும் கருவியாக மட்டும் சங்கைப் பார்த்தால் அதற்கு நல்ல மதிப்பெண் கொடுப்பேன்.

கிப்சன் ஸ்பூன்

இது பலருக்குத் தெரியாத ஒரு பழைய புதையல். 1820களின் இறுதியில் லண்டன் பிஷப்ஸ்கேட் தெருவில் இருந்த கிப்சன் என்பவர் விளக்கெண்ணெய் கொடுப்பதற்காகவே ஒரு ஸ்பூன் செய்தார். வெள்ளீயக் கலவையில் வார்த்தது. குழிக்கு மேல் கீல் வைத்த மூடி. கைப்பிடி உள்ளே வெற்றுக் குழாய், அதன் நுனியில் ஒரு துளை. மருந்தை ஊற்றி, மூடியைச் சாத்தி, நுனித் துளையை விரலால் அடைத்துக்கொண்டால் காற்று உள்ளே புக முடியாது. மருந்து வெளியே வராது. வாய்க்குள் வைத்தபின் விரலை எடுத்தால் இறங்கிவிடும். பள்ளி ஆய்வகத்தில் பிப்பெட்டை விரலால் அடைத்துப் பிடிப்போமே, அதே தத்துவம்.

எந்தப் பக்கம் சாய்த்தாலும் சிந்தாத ஸ்பூன் கிட்டத்தட்ட 200 வருடங்களுக்கு முன்பே இருந்திருக்கிறது. ஏன் நிலைக்கவில்லை? உள்ளே கழுவ முடியாத குழாய், கீல் இடுக்கில் தங்கும் எண்ணெய், உள்ளே எவ்வளவு மீதி என்று காட்டாத உலோகம் என்று எனக்குக் காரணங்கள் தோன்றுகின்றன. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில், கழற்றிக் கழுவும்படி இதை மறுபடி செய்தால் கைநடுக்கம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல ஸ்பூன் இருக்காது என்பது என் எண்ணம்.

குழாய் ஸ்பூன்

கைப்பிடியே அளவுக் குழாயாக, மேல் முனையில் சின்ன உதடு வைத்த ஸ்பூன் இது. குழாயை நிமிர்த்திப் பிடித்து மருந்தை ஊற்றி, கண் மட்டத்தில் வைத்து அளவு பார்த்து, அப்படியே வாய்க்குக் கொண்டுபோய்ச் சாய்க்க வேண்டியது. நிமிர்ந்திருக்கும் வரை மருந்து குழாயின் அடியில் கிடக்கிறது. பிள்ளை கையைத் தட்டிவிட்டாலும் ஒரு சொட்டுகூட வெளியே தெறிப்பது அரிது. ஸ்பூன் என்ற உருவமும் மாறவில்லை. சிரிஞ்சைக் கண்டாலே ஊசி என்று அலறும் பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயம்.

வடிவமைப்பாளர் மூளையைக் கசக்க வேண்டியது சாய்க்கும் அந்த ஒரு விநாடியில்தான். நீர்த்த மருந்து குபுக்கென்று முழுவதும் உதட்டுக்கு வந்து வழியும். கெட்டி சிரப்போ வரவே வராது. அதற்குள் பிள்ளை வாயை மூடிவிடும். ஒரே ஸ்பூன் இரண்டுக்கும் பொருந்த வேண்டுமானால், குழாய் முடிந்து உதடு தொடங்கும் இடத்தில் சின்னதாக ஒரு தடுப்பு வேண்டும். வேகத்தைக் குறைக்கும் அளவுக்கு உயரம், சிரப் தேங்காத அளவுக்குச் சரிவு. சங்கின் மூக்கு இந்த இடத்துக்கு அருமையாகப் பொருந்தும்.

குழாயின் அகலம் அடுத்த இழுபறி. ஒடுங்க ஒடுங்க அளவு துல்லியம், ஆனால் உள்ளே விரல் போகாது, அடியில் சர்க்கரைப் பாகு காய்ந்து எறும்பு வரும். 1.5 செ.மீ. உள்விட்டம் வைத்தால் 10 மி.லி. மருந்து 5.7 செ.மீ. உயரத்தில் முடிந்துவிடும்; பாட்டில் கழுவும் சின்ன பிரஷ் தாராளமாக நுழையும். இதைவிட ஒடுக்குவது வீண் என்றே நினைக்கிறேன். அடியைத் தட்டையாக்கித் தானே நிற்கும்படி செய்தால் ஊற்றும்போது இரண்டு கையும் காலியாக இருக்கும். கடைகளில் கிடைப்பவற்றில் இந்தச் சின்ன வசதி பெரும்பாலும் இருப்பதில்லை, ஏனென்றே புரியவில்லை. பொருள் பாலிபுரொப்பிலீனாக இருக்கட்டும்: கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தாலும் கொதிநீரைத் தாங்கும். பளிங்கு போன்ற பாலிஸ்டைரீனை நம்மவர்கள் வழக்கப்படி கொதிக்கவைத்தால் வளைந்து போகும்.

ஸ்பூனை விட்டு மருந்தை மாற்றினால்?

இப்படியும் ஒரு கட்சி உண்டு. டாரோ என்ற மருந்து நிறுவனம் 2000களின் தொடக்கத்தில் எலிக்ஸ்யூர் என்ற பெயரில் குழந்தைகளுக்கான பாரசிட்டமால் மருந்தை ஜெல் பக்குவத்தில் அமெரிக்காவில் விற்றது. ஸ்பூனைச் சாய்த்தாலும் மருந்து வழியாது. யோசனை அழகானது, ஆனால் வேலை மருந்துக்கு மருந்து செய்ய வேண்டும். தண்ணீர் கலந்து தயாரிக்கும் ஆன்டிபயாட்டிக் டிரை சிரப்புக்கெல்லாம் நாம் வீட்டில் ஜெல் சேர்க்க முடியாது. ஸ்பூன் எல்லா மருந்துக்கும் உதவும்.

வாய்வழி சிரிஞ்சு

அளவில் இதற்கு ஈடு வேறில்லை. மேல்பரப்பே திறந்து கிடக்காததால் சிந்த வழியில்லை. கன்னத்தின் உட்புறம் முனையை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினால் கைக்குழந்தைகூட விழுங்கிவிடும். தொண்டையைக் குறிவைத்து ஒரே அழுத்தாக அழுத்துவது மட்டும் கூடாது.

குறைகளும் உண்டு. முனையிலுள்ள குட்டி மூடியைக் கழற்ற மறந்தால் அது குழந்தையின் தொண்டைக்குள் போகும் ஆபத்து இருக்கிறது. அதைக் கழற்றியதும் எறிந்துவிடுங்கள். மருந்துக்கடையில் வாய்வழி சிரிஞ்சு இல்லையென்றால் ஊசி போடும் சிரிஞ்சையே ஊசியில்லாமல் கொடுப்பார்கள். வீட்டில் ஒரு தடவை அவசரத்துக்குச் சரி. மருத்துவமனையில் அது கூடவே கூடாது: வாய்க்குக் கொடுக்க வேண்டிய மருந்து தவறி ரத்த நாளத்தில் ஏறிவிடும். இதற்காகத்தான் பிரிட்டனின் தேசிய நோயாளர் பாதுகாப்பு முகமை 2007-இல், ஊசியோடும் டிரிப் குழாயோடும் பொருந்தாத முனை கொண்ட சிரிஞ்சுகளையே வாய்வழி மருந்துக்குப் பயன்படுத்தும்படி எச்சரிக்கை விடுத்தது.

யாருக்கு எது

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும், 5 மி.லி.க்குக் குறைந்த எந்த அளவுக்கும் சிரிஞ்சுதான். இதில் பேரம் இல்லை. மூன்று நான்கு வயதுக்கு மேல், தானே வாயைத் திறக்கும் பிள்ளைக்கு 5 முதல் 10 மி.லி. வரை குழாய் ஸ்பூன் போதும். அளவைச் சிரிஞ்சில் எடுத்து ஸ்பூனிலோ சங்கிலோ விட்டுக் கொடுப்பதும் நல்ல வழிதான், கழுவ இரண்டு சாமான் என்பதைத் தவிர. கைநடுக்கம் உள்ள பெரியவர்களுக்கு மூடியும் டீஸ்பூனும் வேண்டாம். நடுக்கத்தை உணர்ந்து எதிர்த்திசையில் அசைந்து ஈடுகட்டும் லிஃப்ட்வேர் ஸ்பூனை அனுபம் பாத்தக் உருவாக்கினார், 2014-இல் கூகுள் அவருடைய நிறுவனத்தை வாங்கியது. சாப்பாட்டுக்கு அது நல்ல உதவி. மருந்து அளக்க அது செய்யப்பட்டதல்ல. அவர்களுக்கும் சிரிஞ்சோ, நிமிர்ந்து நிற்கும் குழாய் ஸ்பூனோதான் என் தேர்வு.

எந்த ஸ்பூனாலும் தடுக்க முடியாத ஒரு தவறும் இருக்கிறது. இந்தியாவில் கிடைக்கும் பாரசிட்டமால் டிராப்ஸில் பொதுவாக 1 மி.லி.க்கு 100 மி.கி. மருந்து. 5 மி.லி.க்கு 125 மி.கி. என்று வரும் சிரப்பில் 1 மி.லி.க்கு 25 மி.கி.தான். சிரப்புக்குச் சொன்ன அளவை டிராப்ஸில் எடுத்தால் நான்கு மடங்கு உள்ளே போகும், அதுவும் ஒரு சொட்டு சிந்தாமல். டிராப்ஸோடு வரும் டிராப்பரை வேறு மருந்துக்கு எடுப்பதும் இதே வகைத் தவறு.

கையிலிருக்கும் கருவி சரிதானா என்று சோதிக்க, 0.1 கிராம் வரை காட்டும் சமையல் தராசு இருந்தால் போதும். தண்ணீரை 5 மி.லி. கோடு வரை எடுத்து, தராசு மேல் வைத்த கிண்ணத்தில் ஊற்றுங்கள். 5 கிராமுக்குப் பக்கத்தில் வந்தால் கோடு சரி. சிரப்பை வைத்துச் சோதிக்காதீர்கள். சர்க்கரைப் பாகு தண்ணீரைவிடக் கனம் என்பதால் எடை கூடுதலாகத்தான் காட்டும்.