மின்தடையும் திறனும்: ஓம்மீட்டரை நம்புவதா, வோல்ட்டை ஆம்பியரால் வகுப்பதா?

230 வோல்ட், 100 வாட் குண்டு பல்பு ஒன்றையும் 1500 வாட் வாட்டர் ஹீட்டர் ஒன்றையும் மின்இணைப்பிலிருந்து கழற்றி வைத்து, மல்டிமீட்டரின் ஓம் அளவில் சோதித்தால், பல்பு 40 ஓமுக்கு அருகிலும் ஹீட்டர் 35 ஓமுக்கு அருகிலும் காட்டும். மின்னழுத்தத்தின் வர்க்கத்தை இந்த மின்தடையால் வகுத்துத் திறனைக் கணக்கிட்டால், ஹீட்டருக்குச் சரியாக 1500 வாட் வந்துவிடும். பல்புக்கோ 1300 வாட்டுக்கு மேல் வரும். மீட்டரில் கோளாறு ஏதுமில்லை. டங்ஸ்டன் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை அவ்வளவுதான். பல்பு எரிந்து இழை 2500 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடேறியபின் அதே மின்தடை 529 ஓமாக உயர்ந்துவிடுகிறது. ஹீட்டரில் உள்ள நிக்ரோம் கம்பியோ சூட்டினால் பெரிதாக மாறாத உலோகக் கலவை என்பதால், குளிர்ந்த நிலையில் அளந்தாலும் கணக்கு பொருந்துகிறது.

ஆகவே ஓம் அளவு, வோல்ட்டை ஆம்பியரால் வகுப்பது ஆகிய இரண்டையும் ஒரே வேலைக்கான மாற்று வழிகளாகக் கருதக் கூடாது. ஓம் அளவு, மீட்டரின் சிறிய பேட்டரி தரும் சொற்ப மின்னோட்டத்தில் அந்தப் பொருள் எப்படி நடந்துகொள்கிறது என்பதைச் சொல்கிறது. கம்பி அறுந்திருக்கிறதா, ரெசிஸ்டரின் மதிப்பு சரிதானா என்று பார்ப்பதற்கு அதைவிட எளிய வழி கிடையாது. ஓடும் நிலையில் மின்தடை என்ன, எவ்வளவு திறன் செலவாகிறது என்று கேட்டால், மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் ஒரே நேரத்தில் அளந்து வகுப்பதே சரி. எரியும் பல்பில் 230 வோல்ட்டும் 0.435 ஆம்பியரும் கிடைத்தால் 529 ஓம், 100 வாட் என்ற இரண்டு விடைகளும் அந்த ஓர் அளவீட்டிலேயே அடங்கிவிடுகின்றன.

இந்த வழியிலும் ஒரு சிக்கல் உண்டு: வோல்ட்மீட்டரை எங்கே இணைப்பது? மின்தடையின் இரு முனைகளில் மட்டும் இணைத்தால், அம்மீட்டர் காட்டும் மின்னோட்டத்தில் வோல்ட்மீட்டர் இழுக்கும் பங்கும் சேர்ந்துவிடும். அம்மீட்டரையும் உள்ளடக்கி இணைத்தால், வோல்ட்மீட்டர் காட்டும் அழுத்தத்தில் அம்மீட்டரில் விழும் பங்கும் சேர்ந்துவிடும். பள்ளி ஆய்வகங்களில் உள்ளது போன்ற முள் மீட்டர்களை எடுத்துக்கொண்டு, அம்மீட்டரின் உள்தடை 0.5 ஓம், வோல்ட்மீட்டரின் உள்தடை 10,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 10 ஓம் மின்தடையை முதல் இணைப்பில் அளந்தால் 9.99 ஓம் வருகிறது; இரண்டாம் இணைப்பில் 10.5 ஓம், அதாவது 5 சதவீதப் பிழை. அளக்கப்படுவது 10,000 ஓமாக இருந்தால் நிலைமை தலைகீழாகிறது: முதல் இணைப்பு 5,000 ஓம் என்று பாதியைக் காட்டும், இரண்டாம் இணைப்பு 10,000.5 ஓம் காட்டும். இரண்டு இணைப்புகளும் ஏறத்தாழச் சமமாகப் பிழை செய்யும் இடம், இரு உள்தடைகளின் பெருக்கலுக்கு வர்க்கமூலம். இந்த எடுத்துக்காட்டில் அது 71 ஓம். அதற்குக் கீழே முதல் இணைப்பு, மேலே இரண்டாம் இணைப்பு என்று கொள்ளலாம். இன்றைய டிஜிட்டல் மல்டிமீட்டர் பெரும்பாலும் வோல்ட் அளவில் ஒரு கோடி ஓம் உள்தடை கொண்டது என்பதால், சில ஆயிரம் ஓம் வரை முதல் இணைப்பையே கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கலாம். ஆம்பியர் அளவில் வைத்த மீட்டரைத் தவறியும் மின்வழங்கியின் இரு முனைகளுக்குக் குறுக்கே வைக்கக் கூடாது, அது குறுக்குச்சுற்று.

திறனுக்கான மூன்று சமன்பாடுகளுள் எது சிறந்தது என்ற கேள்விக்கு, எதைக் கையில் வைத்திருக்கிறோம் என்பதே விடை. வேலை செய்துகொண்டிருக்கும் சுற்றில் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் நேரடியாகப் பெருக்குவதே பிழை குறைந்தது: இரு மீட்டர்களும் தலா 1 சதவீதம் தவறினால்கூட விடை 2 சதவீதத்துக்கு மேல் விலகாது. தங்கப் பட்டை (மதிப்பு 5 சதவீதம் வரை விலகலாம் என்பதன் குறி) போட்ட ரெசிஸ்டரின் மேல் குறித்த மதிப்பை எடுத்து, மின்னழுத்தத்தின் வர்க்கத்தை அதனால் வகுத்தால், ரெசிஸ்டரின் 5 சதவீதமும் வர்க்கத்தால் இரட்டிக்கும் 2 சதவீதமும் சேர்ந்து 7 வரை போகும். ஆனால் சுற்றைக் கட்டுவதற்கு முன், மின்னோட்டம் இன்னும் இல்லாத நிலையில், இந்தச் சமன்பாடு ஒன்றுதான் உதவும். 5 வோல்ட்டில் 100 ஓம் போட்டால் 0.25 வாட், கால் வாட் ரெசிஸ்டர் அதன் எல்லையிலேயே நிற்கும் என்பதால் அரை வாட் வாங்குவது நல்லது.

மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கும் மூன்றாவது சமன்பாடு ஒயர்களுக்கு உரியது. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 7.4 ஓம் என்பதால், போக வர 40 மீட்டர் ஒயரின் மின்தடை 0.3 ஓம், 10 ஆம்பியர் ஓடினால் 30 வாட் வெப்பம். இங்கே மாணவர் பலர் 230-இன் வர்க்கத்தை 0.3-ஆல் வகுத்து ஒன்றே முக்கால் லட்சம் வாட் என்று எழுதிவிடுகின்றனர். ஒயரில் விழுவது 3 வோல்ட் மட்டுமே. அதைப் போட்டால் இந்தச் சமன்பாடும் அதே 30 வாட்டைத்தான் தரும்.

இதுவரை சொன்னதெல்லாம் நேர்மின்னோட்டத்துக்கும், ஹீட்டர், குண்டு பல்பு போன்றவற்றுக்கும் பொருந்தும். மின்விசிறியிலும் எல்.இ.டி. பல்பிலும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிக் கிடைப்பது வாட் அல்ல, வோல்ட்-ஆம்பியர். அதைத் திறன் காரணியால், அதாவது வோல்ட்-ஆம்பியரில் எவ்வளவு பங்கு உண்மையான வாட்டாகிறது என்ற விகிதத்தால், பெருக்கினால்தான் உண்மையான வாட் கிடைக்கும். திறன் காரணி 0.5 மட்டுமே உள்ள 9 வாட் பல்பு, மீட்டர் கணக்கில் 18 போலத் தோன்றும். வாட்மீட்டர் இல்லாதவர்கள் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வீட்டு மின்கணக்கு மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கைக் கவனிக்கலாம். யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று அச்சிட்டிருந்தால், இரு சிமிட்டல்களுக்கு இடைப்பட்ட விநாடிகளால் 1125-ஐ (ஒரு யூனிட்டுக்கான 36 லட்சம் வாட்-விநாடியை 3200-ஆல் வகுத்தால் வருவது) வகுக்க வேண்டும். 15 விநாடி ஆனால் 75 வாட்.